பரிவட்டத்துக்கு நாலு கிலோமீட்டர்

தன் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் பெருமாள்ராஜ் காரைப் பின்னால் எடுத்தார்.

முகம் பன்னிரண்டடி உயரத்தில் இருந்தது. சேரன்மகாதேவி தாண்டிக் களக்காடு போகிற ரோட்டில், கால்வாய்ப் பாலத்தை ஒட்டி நின்றது அந்தப் போர்டு. முப்பிடாதி அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வருகை தரும் பெருமாள்ராஜை வருக வருக என்று ஊர் வரவேற்றது. ஊர் இப்படி வரவேற்க வேண்டும் என்று வாசகம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். படத்தில் அவர் கும்பிட்டபடி சிரித்தார். பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவரும் சிரித்தார். தாண்டிப் போன பிறகுதான், தலைவர் தலை தன் தலையைவிட ஒரு சுற்றுப் பெரிதோ என்று அவருக்குத் தட்டியது.

"ஏங்க, இப்பமே பத்தேகால். தலைய அளந்து என்ன செய்யப் போறீய?" என்றாள் மனைவி முத்துராணி.

"சும்மா இருட்டி. ஒரு நிமிசம்."

பின்னால் வந்தார். போர்டை இன்னும் ஒட்டி வந்தார். போர்டு கட்டியவர்கள் மிச்ச மரச்சட்டங்களை ரோட்டோரப் புல்லில் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆணிகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ரெண்டு தலையும் ஒரே அளவுதான் என்று அவர் நிம்மதி அடைந்த நொடியில் பின் சக்கரம் சட்டத்தில் ஏறியது. பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தார். 'டர்ர்' என்று பட்டுச்சேலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு.

காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில், டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று அக்கறையோடு சொன்னது.

வண்டி வாங்கி எட்டு மாதம். தச்சநல்லூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் வேறு எதுவும் நுழைய முடியாத அகலம். டிரைவர் வைத்துக்கொண்டால் பார்க்கிறவன் வண்டி டிரைவருடையது என்று நினைத்துவிடுவானே என்று அவரே ஓட்டினார். ஸ்டெப்னி கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. "பஞ்சர் ஆகுத வண்டிக்குத்தாம்வே ஸ்டெப்னி தருவான்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியிருந்தார். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே காற்றடிக்கிற சின்ன மெஷினும், ஓட்டையை அடைக்கிற மருந்து ஒரு பாட்டிலும்.

டிக்கியைத் திறந்தார். மாலை இருந்தது, பழத்தட்டு இருந்தது, பட்டு இருந்தது. பெட்டி இல்லை.

"ஏட்டி, இதுல ஒரு கறுப்புப் பெட்டி இருந்துச்சே?"

"அதா? சரசுவதி படத்துக்குக் கீழ இருக்கு."

"என்னது?"

"ஆயுத பூசைக்கு நீங்கதான எடுத்து வச்சீய. ஆயுதம்னா எல்லா ஆயுதமும் வைக்கணும்னு. பாட்டிலுக்குச் சந்தனம் வச்சு, மெசினுக்குப் பூப் போட்டீய. நீங்க எடுப்பீயன்னு நான் தொடல. தெனமும் வெளக்குப் போடுதப்ப அதுக்கும் சேத்து சூடம் காட்டுதேன்."

புரட்டாசியில் வைத்தது. இப்போது சித்திரை. ஏழு மாதமாகச் சூடம் பார்த்த ஆயுதத்துக்கு சக்தி ஏறியிருக்கலாம். ஆனால் அது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

பெருமாள்ராஜ் முதல்முறையாக மணி பார்த்தார். கோயில் இன்னும் நாலு கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்கு மதியக் கொடை. தீபாராதனை ஆனதும் மூத்த வீட்டுக்காரரான அவர் பெயரை மூன்று தரம் மைக்கில் கூப்பிடுவார்கள். மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் ஆள் நடைக்கு முன்னால் நின்றால் அவர் தலையில் பரிவட்டம். நிற்காவிட்டால் அது அடுத்த வீட்டுக்கு. அடுத்த வீட்டுக்குப் போன பரிவட்டம் திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த வீடு என்பது சித்தப்பா மகன் மகாராஜன். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவன்.

பெருமாள்ராஜுக்குப் பட்டங்கள் நிறைய உண்டு. கல்விக் காவலர். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்ததற்காக வந்தது. ஈகைச் செம்மல், மனைத் திலகம். ரெண்டும் அவருடைய பிளாட் வாங்கியவர்கள் சங்கம் அளித்தவை. டாக்டர் பட்டம் ஓட்டல் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துக் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் யார் கையில் எப்போது என்ன கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். கொடுக்காமல் வந்தது இந்த ஒரு முழ வெள்ளைத் துணி மட்டும்தான். அப்பா செத்த மறுவருசத்திலிருந்து எட்டு கொடை. அதைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது மட்டும் யாரும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

பத்தரைக்கு மினிபஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அண்ணாச்சி, பஞ்சரா? ஏறுங்க, முன் சீட்டுக் காலியாத்தான் இருக்கு" என்றான். பஸ் முழுக்க ஊர்க்காரர்கள். ஒருத்தர் மடியில் கோழி இருந்தது. எல்லா முகமும் சன்னல் பக்கம் திரும்பிப் பெரிய முகத்தையும் சின்ன முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீ போப்பா. கம்பெனி ஆளு வந்துக்கிட்டிருக்கான்."

பஸ் போனது. அதற்குப் பிறகுதான் அவர் கம்பெனிக்கு போன் போட்டார்.

தமிழுக்கு மூன்றை அழுத்தினார். இசை கேட்டது. நிறைய நேரம் கேட்டது. கடைசியில் ஒரு பெண், அருகில் தெரிகிற அடையாளம் ஏதாவது சொல்லச் சொன்னாள்.

"என் போர்டு இருக்கும்மா."

"என்ன போர்டு சார்?"

"என் படம் போட்டது. இந்த ஏரியாவுல யாரக் கேட்டாலும்..."

"சார், பேங்க், மால், பெட்ரோல் பங்க் அந்த மாதிரி?"

சுற்றிலும் பார்த்தார். வாழை. அதற்கு அப்பால் வாழை. "வாழைத் தோட்டம்மா" என்றார். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். வண்டியைத் தூக்கிப்போக ரெக்கவரி வாகனம் மாலை ஐந்தரைக்கு வரும், அதுவரை வாகனத்தை விட்டு அகல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

மைல்கல்லில் 'பஞ்சர், எந்நேரமும்' என்று ஒரு நம்பர் பெயின்டில் எழுதியிருந்ததை முத்துராணிதான் கண்டுபிடித்தாள். முக்கால் மணி நேரத்தில் முகம்மது மைதீன் பைக்கில் வந்து சேர்ந்தார். பின் சீட்டில் காற்றடிக்கிற மெஷினைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். டயரைக் கும்பிடுவதுபோல் குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். விரல் மூன்று உள்ளே போனது.

"சரி அண்ணாச்சி, ஸ்டெப்னிய எடுங்க. மாட்டிருவோம்."

"ஸ்டெப்னி கெடயாது பாய்."

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டீயளோ?"

"வண்டிக்கே கெடயாது."

மைதீன் காரை முன்னிருந்து பின்வரை ஒருதரம் பார்த்தார். "இம்மாம் பெரிய வண்டிக்கா?"

"வெளிநாட்டு முறை அது."

"அங்கன ஆணி கெடயாது போல." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அடியில ஓட்டைன்னா குச்சி வச்சு அடைச்சிருவேன். இது பக்கவாட்டுல கிழிஞ்சி கெடக்கு. ஒட்டுப் போட்டா உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. இந்தச் சைசு டயரு திருநவேலியில கெடைக்குமான்னே தெரியல. மதுரைலதான் விசாரிக்கணும்."

"பன்னெண்டு மணிக்குள்ள ஏதாவது..."

"பன்னெண்டு மணிக்குள்ளன்னா, மெசின அவுத்து இங்கன வச்சிட்டு உங்களப் பின்னால ஏத்திக் கோயில் வாசல்ல விட்டுருவேன். பத்து நிமிசம்."

முத்துராணி அவர் முகத்தைப் பார்த்தாள். பெருமாள்ராஜ் பைக்கைப் பார்த்தார். சீட்டில் கிரீஸ் இருந்தது. தலைவர், மேளம், நடுவில் பஞ்சர் பாய் பின்னால் கால் ரெண்டையும் ஒரு பக்கமாகப் போட்டபடி டாக்டர் பெருமாள்ராஜ். போர்டில் இருப்பவருக்கும் வந்து இறங்குகிறவருக்கும் ஊர் என்ன சம்பந்தம் சொல்லும்?

"வேண்டாம் பாய். தலைவருக்குச் சொல்லியிருக்கேன். காரு அனுப்புவாரு."

மைதீன் வந்ததற்குக்கூட எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "வேலையே செய்யலியே அண்ணாச்சி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பெருமாள்ராஜ் இப்போது தலைவருக்குப் போன் போட்டார். மேளச் சத்தம் கேட்டது. தலைவர் "ஹலோ, ஹலோ" என்றார். "சத்தமா இருக்கு, நேர்ல வாங்க, பேசிக்கிடலாம்" என்று வைத்துவிட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு மொபெட் ஒன்று வந்தது. முன்னால் ஒரு செவ்வாழைத் தார். அதற்குப் பின்னால் மகாராஜன்.

"என்னண்ணே, இங்கன நிக்கீய? மைனி, வெயில்ல நிக்கீயளே!" எஞ்சினை அணைக்காமல் காலை ஊன்றினான். "தாரை இங்கன இறக்கி வச்சிருதேன். ஏறும்."

இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. அதுதான் பெருமாள்ராஜுக்குப் பொறுக்கவில்லை. தன் பரிவட்டத்துக்கு அடுத்து நிற்பவன் தன்னைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதா? வருசம் முழுக்க டீக்கடையில் அதையல்லவா சொல்லிக்கொண்டிருப்பான்? அவன் சொல்லமாட்டான். ஊர் சொல்லும்.

"நீ போலே. தாரு அம்மனுக்கு. அத இறக்கக் கூடாது. எனக்குக் காரு வருது."

"நெசமாவா?"

"வருதுன்னா வருது."

மகாராஜன் மைனியைப் பார்த்தான். மைனி வாழைத் தோட்டத்தைப் பார்த்தாள். மொபெட் போனது.

"இப்பம் சொல்லுங்க" என்றாள் முத்துராணி. "எந்தக் காரு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கமும் பார்த்தார். வரவேண்டியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெயிலில் தார் ரோடு நெளிந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. இப்போது கோழியைத் தன் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பார்.

"பஸ்சு போனப்பமே நடந்திருந்தாக்கூட இந்நேரம் அங்கன போயி, மோரு குடிச்சிட்டு இருந்திருக்கலாம்" என்றாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னா நீங்க நடப்பீயளா?"

அது உண்மைதான். அப்போதுதான் மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. கொடைக்காகக் கோயிலிலிருந்து பாலம் வரை கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தார்கள். மேளம் நின்றது. குலவைச் சத்தம் எழுந்து அடங்கியது. தீபாராதனை முடிந்துவிட்டது.

"கல்விக் காவலர், ஈகைச் செம்மல், மனைத் திலகம், ஏழைகளின் விடிவெள்ளி, டாக்டர்..." என்று ஸ்பீக்கர் ஆரம்பித்தது.

பெருமாள்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

பட்டங்களை வரிசைப்படி, ஒன்றுகூட விடாமல் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மைக்செட்காரர் ஒன்றுகூட விடவில்லை. பதினாறு பட்டங்கள். பட்டங்கள் பெருமாள்ராஜுக்கு உண்மையிலேயே உதவியது அந்த ஒருமுறைதான். ஒரு அழைப்பு முடிவதற்குள் அவர் ரெண்டு கம்பம் தாண்டிவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, இருநூறு அடி ஓடி எத்தனை வருசம் ஆகிறது என்று நெஞ்சு கேட்டது. ரெண்டாவது அழைப்பில் மைக்செட்காரர் 'அறப்பணிச் சிகரம்' என்ற இடத்தில் தண்ணீர் குடித்தார். பெருமாள்ராஜ் இன்னொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கோயில் கோபுரம் வாழைக்கு மேலே விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் பாக்கி.

மூன்றாவது முறை மைக்செட்காரருக்கும் தொண்டை போய்விட்டது.

"ஏ பெருமாள்ராசு அண்ணாச்சி இருக்காகளா? இருக்காகளா, இல்லியா?"

"இருக்கேன்லே!" என்று பெருமாள்ராஜ் ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார். "இங்கனதாம்லே இருக்கேன்!"

வயலிலிருந்து நாலைந்து கொக்கு எழுந்து பறந்தது. ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு, "மகாராசன் முன்னால வா" என்றது. அவன் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. அரை நொடியில் கூப்பிட்டு முடிந்தது.

மேளம் திரும்பவும் ஆரம்பித்தது.

அவர் காருக்குத் திரும்பி வந்தபோது முத்துராணி பழத்தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள். அவள் ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

ரெண்டு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, முன்னால் திருநீற்றுத் தட்டு. மகாராஜன் ஒரு கையால் ஓட்டி வந்தான். பரிவட்டம் கட்டியவன் பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் தன் கையால் திருநீறு பூசி முடிக்கும்வரை துணியை அவிழ்க்கக் கூடாது, பச்சைத்தண்ணி குடிக்கக் கூடாது. ஏழு வீடு. ஆறு முடித்துவிட்டு வந்திருந்தான். உதடு காய்ந்து கிடந்தது.

"அண்ணே, நெத்தியக் காட்டும். கண்ணு இருட்டுது."

பெருமாள்ராஜ் காருக்குள் உட்கார்ந்தபடியே இருந்தார். கண்ணாடியை ஏற்றினால் போதும். சாயங்காலம் வரை அவனை நிறுத்திவைக்கலாம். போன வருசங்களில் அவன் வீட்டுக்குக் கடைசியாகப் போனவர் அவர். வீட்டிலேயே ரகசியமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர் என்பதால் அவசரம் இருந்ததில்லை. விரல் பொத்தான்மேல் இருந்தது.

அதற்குள் முத்துராணி இறங்கிப்போய்க் குனிந்து நெற்றியைக் காட்டினாள். பூசிக்கொண்டதும் மொபெட்டின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்க?"

"பந்திக்கு. எனக்குப் பசிக்கி. வண்டிய விட்டு அகலக் கூடாதுன்னு உங்களத்தான சொன்னா."

மகாராஜன் தட்டோடு சன்னல் பக்கம் வந்து நின்றான். அவன் குட்டை. இவர் உயரம். பெருமாள்ராஜ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கி நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது மகாராஜன் தலையில் துணி காற்றில் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது தெரிந்தது.

"என்னலே கட்டு கட்டியிருக்கான்? இங்கன திரும்பு."

எட்டு வருசம் கட்டிக்கொண்ட கை. முனையை மடித்து, பின்னால் கொண்டுவந்து, முடிச்சுப் போட்டு இழுத்தார். கொஞ்சம் கூடவே இழுத்தார்.

"வலிக்குண்ணே" என்றான் மகாராஜன்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார் பெருமாள்ராஜ்.