சின்னக்கிளியின் அப்பா பேர்

1

"டீச்சரும் போலீஸா அக்கா?"

பால்வாடி வாசலில் வைத்து சின்னக்கிளி என்னிடம் கேட்டாள். அவளுக்கு நாலு வயது. வாசலில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பால்வாடிச் சேர்க்கைப் பரீட்சையைப் பார்வையிட வந்த அதிகாரியுடையது. டிரைவர் காக்கிச்சட்டையோடு சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு ஜீப்பில் வருகிறவர்கள் ஒரே வகைதான். அவள் கேட்டதில் தப்பில்லை.

"இல்லடி, டீச்சர் டீச்சர்தான்."

"அப்ப ஜீப்பு?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல பதில் கிடைத்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஆற்றில் தண்ணீர் வந்தது. வயலெல்லாம் பச்சைப் பசேலென்று" (நிறுத்திவிட்டேன். நடவு நாளில் வயல் பச்சையாக இருக்காது. சேறாக இருக்கும்.)

"குழந்தைகளின் அறிவை எந்த அளவுகோலால்" (இது பள்ளிக்கூடக் கட்டுரை. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் சிரிப்பார்கள்.)

"அம்சத்துக்குப் பயமாக இருந்தது."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அம்சம் சின்னக்கிளியின் அம்மா. குழந்தையை வரப்பில் உட்காரவைத்துவிட்டு நடவு நடுகிறவள். நாலு குத்து நாற்று ஊன்றுவாள், ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். தண்ணீர் திறந்துவிட்டால் ஆள் முழுகும். போன நடவில் கீழத்தெருக் குழந்தை ஒன்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அதன் அம்மா இப்போதும் அதே வரப்போரம்தான் நடுகிறாள்.)

பால்வாடி வந்தபோது அம்சம் அழுதேவிட்டாள். கூரை, கதவு, மத்தியானம் கஞ்சி. ஆனால் இடம் கொஞ்சம், குழந்தைகள் அதிகம். மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. குழந்தை சேரத் தயாரா என்று பார்க்க ஐந்து கேள்வி: பேர், அப்பா பேர், ஒரு நிறம், பத்துவரை எண், ஒரு பாட்டு. குறைந்தது மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பகலில் தெருக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது நான். சொல்லிக்கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்தது. சின்னக்கிளி எல்லாவற்றையும் சொன்னாள். பத்துக்கு மேலேயும் எண்ணினாள். அப்பா பேரை மட்டும் நான் கேட்கவே இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

3

அவள் அப்பா பேர் வீரையன். அறுவடைக் கூலித் தகராறில் பண்ணைக்காரர் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பு. வழக்கில் வீரையன் பேர் இருந்தது. தையிலிருந்து அவர் வீட்டில் படுப்பதில்லை.

போலீஸ் முதலில் பெரியவர்களை அடித்துக் கேட்டது. பிறகு குழந்தைகளிடம் வந்தது. கையில் ஆரஞ்சு மிட்டாய். "ஒங்கப்பா பேரு என்ன பாப்பா? எங்க படுத்துக்கறாரு?" ஒரு குழந்தை சொல்லிவிட்டது. அது சொன்ன வைக்கோல்போரிலேயே அதன் அப்பாவைப் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. சோறு ஊட்டும்போது அம்மாக்கள் நடுவில் கேட்பார்கள்.

"அப்பா பேரு என்னடி?"

குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. மூடியபடி இருந்தால், "எஞ்சாமி! ஆ காட்டு" என்று அடுத்த வாய்.

சின்னக்கிளியை யாரும் ஜெயித்ததில்லை. அம்சம் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்ப்பாள். "ஒங்கப்பனுக்குப் பேரே கெடையாதாடி? ஊர்ல எல்லாரும் தவக்களைன்னு கூப்புடுறாங்களே!" என்பாள். அதற்கும் வாய் திறக்காது. கண் மட்டும் பளபளக்கும். பிறகு 'ஆ' காட்டும்.

4

மங்களாம்பிகை டீச்சரை முதலில் கெட்டவராக எழுதினேன். வெடுக்கென்ற பேச்சு, கையில் பிரம்பு. கதைக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் அவர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து, யார் பிள்ளை என்று பார்க்காமல் தன் முந்தானையாலேயே மூக்குச் சிந்திவிடுகிறவர். பிரம்பை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கதை இன்னும் பயமாக ஆகிவிட்டது.

அம்சத்தால் வர முடியவில்லை. நடவுக்கு ஒரு நாள் போகாவிட்டால் நடவு ஆட்களின் கூட்டத்திலிருந்து கழற்றிவிடுவார்கள். நான் கூட்டிப்போனேன். புறப்படும்போது அம்சம் என்னிடம் சொன்னது: "அங்க நீ எதையும் உளறாத. ஒன்னையும் கேப்பாங்க."

டீச்சர் கிளிப் படம் காட்டினார். "இது என்ன நெறம்டா கண்ணு?"

சின்னக்கிளி ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தாள். பேசவில்லை.

"ஒண்ணு, ரெண்டு... அப்பறம்?"

பேசவில்லை.

"பேரு கிளின்னு வச்சிருக்காங்க, ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கே!" என்றார் ஆயா கண்ணாத்தாள். வாசலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"சும்மா இரு ஆயா. புள்ள பயப்படுது." டீச்சர் உள்ளறையைப் பார்த்துக்கொண்டார். அங்கே அதிகாரி வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மூணு வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் சேத்துக்கறேன்." டப்பாவிலிருந்து ஒரு பொரி உருண்டையை எடுத்துக் காட்டினார்.

"அப்பா பேரு என்ன?"

5

இங்கே கதையை நிறுத்துகிறேன்.

நாற்றங்காலில் உரிய நாள் வருமுன் பறித்த நாற்று, வேர் பிடிக்காமல் (இதை அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற உவமை. தவிர, நாற்றிடம் வந்து யாரும் அதன் அப்பாவைக் கேட்பதில்லை.)

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தெருவில் ஒருத்தி ரெண்டு வயதிலேயே கதையளந்தாள். இன்னொருத்தி நாலு வயதுவரை விரலால் காட்டியே காலம் தள்ளினாள். இப்போது இரண்டு பேரையும் சும்மா இருக்கவைக்க முடியவில்லை. இன்று பத்துவரை எண்ணுகிற குழந்தை நாளைக்கு ஏழு என்பதை மறந்துவிட்டு, ஏழு இல்லாமலேயே சந்தோஷமாக இருக்கும். அந்தந்த நாளில் அந்தந்தக் குழந்தை. தாள் ஒரே ஒரு காலையில் வந்து கேட்கிறது. வாயிலிருந்து வெளியே வருவதை மட்டும் எண்ணுகிறது. நாலு வயதில், நாக்கின் நுனிக்கு வந்த அப்பாவின் பேரை விழுங்கிக்கொள்வதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

எனக்கும் இது தெரியும். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டால், தெரிந்த பதிலும் என் தொண்டையைத் தாண்டாது. 'மந்தம்' என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். இப்போது யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

6

சின்னக்கிளி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு வெளுக்கும்வரை.

டீச்சர் காத்திருந்தார். உருண்டையைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். வாய் திறக்கவில்லை. ஆயா உச்சுக்கொட்டினார். டீச்சர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். கண் பளபளத்தது. என்னைப் பார்த்து 'ஆ' காட்டினாள்.

ஜெயித்துவிட்டாள். அடுத்த வாய்க்குக் காத்திருக்கிறாள்.

என் கையில் ஒன்றும் இல்லை.

"நீயாச்சும் சொல்லேம்மா," என்றார் டீச்சர் என்னிடம். "அவ அப்பா பேரு ஒனக்குத் தெரியாதா? சொல்லு, எழுதிக்கறேன்."

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது: நான் பேரைச் சொல்கிறேன். இடம் கிடைக்கிறது. வாசலில் டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். அவருக்கும் போலீஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். இருக்கவும் இருக்கலாம்.

இரண்டாவது: வாயில் வந்த பொய்ப் பேர் ஒன்றைச் சொல்கிறேன். சின்னக்கிளி என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். தினமும் காலையில் இங்கே அவளுக்கு வேறு அப்பா.

மூன்றாவது: "அப்பா இல்லீங்க" என்கிறேன். (இதை எழுதும்போதே அம்சத்தின் தாலிக் கயிறு நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.)

நீங்கள் கேட்கலாம், 'நீதான் மூன்றாம் பகுதியிலேயே வீரையன் என்று சொல்லிவிட்டாயே' என்று. அது அவர் பேரில்லை. சின்னக்கிளியும் அவள் பேரில்லை. ஆயா கேலி செய்தது உண்மை, வார்த்தையை நான் வைத்த பேருக்குத் தோதாக மாற்றினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள். மங்களாம்பிகை டீச்சரும் நல்லவர்தான். ஆனால் நீங்கள் யார், எதில் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

டீச்சரின் பேனா இன்னும் திறந்தேதான் இருக்கிறது. 'தயார்' என்று எழுதவா, 'தயாரில்லை' என்று எழுதவா என்று உங்களைத்தான் கேட்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறது.

நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னக்கிளியின் 'ஆ' கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அடுத்த வாய் வரவில்லை. மெல்ல மூடிக்கொண்டாள். டீச்சர் நீட்டிய உருண்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஜீப்பைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, வரப்பு இருக்கிற திசையில் நடந்து போனாள்.