துரோகிக்கு ஓர் ஊர்

1

இந்தக் கதை என் கேள்வியில் பிறந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தின் ஓரமாக, ஓசியில் கதை கேட்க ஒட்டிக்கொண்டு நின்றேன். "கோட்டைய வெள்ளக்காரனுக்குக் காட்டிக்கொடுத்தது யாருங்க?" என்று நான்தான் கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: '1799 மே 4. நடுப்பகல். காவேரி வற்றிக் கிடந்தது. பீரங்கிப் புகைக்குள்ளிருந்து ஒரு'

ஒரு என்ன? குதிரைதான். வேறென்ன வரும்? அடித்துவிட்டேன்.

2

அய்யாவு வழிகாட்டி. மைசூரில் குடியிருக்கிறான், தமிழ்நாட்டு பஸ்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறான். பீரங்கி மதிலை உடைத்தது, வற்றிய ஆற்றைத் தாண்டிப் படை ஏறியது என்று ஆரம்பத்தில் உள்ளதைத்தான் சொன்னான். கொட்டாவி விட்டார்கள். பீரங்கியை யார் திட்டுவார்கள்? ஆகவே பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னத் திட்டிவாசலைத் திறந்துவிட்ட காவல்காரன் ஒருவனை அவனே உண்டாக்கினான்.

காவல்காரனுக்கு ஓர் ஊர் வேண்டும். பஸ் எந்த ஊர் என்று முதலில் விசாரிப்பான். ஈரோட்டு பஸ் என்றால் துரோகி சேலத்துக்காரன். சேலத்து பஸ் என்றால் ஈரோட்டுக்காரன். எல்லோருக்கும் திருப்தி.

நான் கேட்ட அன்று பஸ்ஸில் இரண்டு ஊரும் கலந்திருந்தன. அய்யாவு யோசித்தான். அந்த பஸ்ஸில் ஆளே இருக்க முடியாத ஊர் ஒன்று அவனுக்குத் தெரியும்: கர்நாடக எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்தில் அவன் பிறந்த ஊர். அங்கிருந்து கட்டட வேலைக்கு வருவார்கள். கோட்டை பார்க்க எவன் வருவான்? சொல்லிவிட்டான்.

(ஊரின் பெயரை எழுதி, அடித்துவிட்டேன். எனக்கும் பயம் உண்டு.)

பயணிகளை விசாரித்தவன் டிரைவரை விட்டுவிட்டான். டிரைவர்கள் பஸ்ஸிலேயே தூங்குவார்கள் என்பது அவன் நம்பிக்கை.

"டேய் அய்யாவு!" பின்னாலிருந்து டிரைவர் சித்தையன். அதே ஊர், அடுத்த தெரு. "நம்மூர்க்காரனாடா கதவத் தொறந்துட்டான்? ஏன், உங்கொப்பனா?"

சித்தையன் கையில் செல்போன் இருந்தது. மறுநாள் ஊர் முழுக்கக் கேட்டது.

3

மகள் ஸ்ரீதேவி காய்ச்சலில் பிழைத்ததற்காக அய்யாவுவின் மனைவி மாதம்மா மாவிளக்கு நேர்ந்திருந்தாள். ஊர் மாரியம்மனுக்கு. ஊரைத் துரோகி ஊர் என்றவன் பெண்டாட்டி கோயில் படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"ஏனுங்க, சாமி காரியம். பொய்யின்னு சொல்லிப்போட்டு வாங்க."

"சொன்னா நாளைக்கு எவன் எங்கூடக் கோட்டைக்கு வருவான்? பொழப்பே போயிரும்."

"இத்தன நாளா நெசத்தையா வித்தீங்க?"

(இங்கே அய்யாவுவை நல்லவனாக்க ஒரு பத்தி எழுதினேன். 'அவன் கண்களில்' என்று தொடங்கியது. வேண்டாம். மாட்டிக்கொண்டதற்குத்தான் வெட்கப்பட்டான்.)

4

திருவிழாவன்று கோயில் முன்னால் நின்று சொன்னான். "அப்பிடி ஒரு காவக்காரனே இல்லீங்க. நாங் கட்டுன கதை. பீரங்கி செவுத்த ஒடச்சுது, ஆத்துல தண்ணியில்ல, உள்ள வந்துட்டாங்க. அவ்வளவுதான்."

ஊர்ப் பெரியதனக்காரர் குப்புசாமி சிரித்தார். "காட்டிக்குடுக்காம ஒரு கோட்ட உளுகுமாப்பா? எங்களயென்ன கேனயனுங்கன்னு நெனச்சியா?"

"நெசமுங்க."

"நம்மூரு இல்லைங்கற. செரி, ஒத்துக்கறோம். அப்ப எந்த ஊரு? அதச் சொல்லு, உம் பொண்டாட்டி உள்ள போகட்டும்."

அய்யாவு கூட்டத்தைப் பார்த்தான். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் திருவிழாவுக்கு வந்திருந்தன. ஒவ்வொரு ஊரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

5

முடிவு ஒன்று: அய்யாவு வாய் திறக்கவில்லை. மாதம்மா விளக்கை அணைத்துவிட்டுத் திரும்புகிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அவள் ஏன் அணைக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் கேட்கமாட்டார்.

முடிவு இரண்டு: குப்புசாமி மனம் மாறுகிறார். (சிரித்து முடித்ததும் மேலே படிக்கலாம்.)

முடிவு மூன்று: பெயரில்லாத ஏதோ ஓர்

இல்லை. ஜனங்கள் பெயர் கேட்கிறார்கள்.

மாதம்மா தட்டோடு நிற்கிறாள். விளக்கில் நெய் குறைகிறது. ஓர் ஊரின் பெயர் போதும், அவள் படி ஏறிவிடலாம். அய்யாவு என் பக்கம் திரும்புகிறான், காட்டிக்கொடுத்தது யார் என்று அன்று கேட்டவன் நான்தானே. என் ஊரைத் தர மாட்டேன்.

நீங்கள் எந்த ஊர்?