ரெண்டு தடவை அமுக்கினால் போதும்

பிரீசர் பெட்டியின் வயர் பிளக் வரைக்கும் எட்டவில்லை.

"அண்ணி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க இருக்கு?" என்று கொழுந்தன் ராபர்ட் கேட்டான். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சகாயசெல்வி எழுந்தாள். பக்கத்து வீட்டு அமிர்தம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ உக்காரும்மா. நாங்க தேடி எடுக்கிறோம்."

"அவரு பையில கெடக்கும். வேற ஆளு கை வெச்சா அவருக்குப் புடிக்காது."

அமிர்தம் கையை விட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் காக்கிப் பை தொங்கியது. நேற்று மத்தியானம் டேவிட் ராஜின் படகில் ரேடியோ செட்டுக்கு ஆன்டெனாவைக் கட்டிவிட்டு கம்பத்திலிருந்து இறங்கிய மரியலூர்து, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று மேல்தட்டில் உட்கார்ந்தவர்தான். கடலூரில் பார்த்துவிட்டு சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே விடியற்காலை நாலு மணிக்கு முடிந்துவிட்டது. பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் தாண்டி வரும்வரைக்கும் ஆம்புலன்ஸில் சகாயசெல்வி அவர் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பை டேவிட் ராஜின் பைக்கில் தனியாக வீடு வந்து சேர்ந்திருந்தது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு அடியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. திறந்தாள். ஆன்டெனா வயரின் முனையில் போடுகிற பிளக், புதுசு, பஞ்சில் சுற்றி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயரோடு ஈயம் வைத்து ஒட்டிக் கொடுக்கச் சொல்லி அவளுக்காக வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் நேற்றுதான்.

பெட்டி 'கொர்ர்' என்று ஓட ஆரம்பித்தது.

"டேனிக்குச் சொன்னீங்களா?" என்றாள்.

ராபர்ட் போனைக் காட்டினான். "காலையிலேந்து அடிக்கிறேன் அண்ணி. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அதையே பொம்பள சொல்லிக்கினு கெடக்கா. மூணு நாளாச்சு அவன் கடலுக்குப் போயி. திங்கக்கெழமதான் வருவானாம்."

"அப்ப திங்கக்கெழம வச்சிக்கலாம்."

"அண்ணி." ராபர்ட் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கி ஞாயித்துக்கெழம. ஃபாதர் அடக்கம் வைக்க மாட்டாரு. திங்கக்கெழம வரைக்கும் அண்ணன இந்தப் பொட்டியிலயா போட்டு வைக்கிறது? இன்னிக்கி நாலு மணிக்குப் பூசைன்னு கோயில்ல சொல்லிட்டேன்."

"புள்ள இல்லாம குழிக்குள்ள எறக்குவீங்களா?"

"அவன் வந்தா மட்டும்? எட்டு மாசம் அப்பன்கிட்ட ஒரு வார்த்த பேசலையே."

சுவரோரம் நின்ற மருமகள் பெலிசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் டேனி தன் 'சலேத் மாதா' படகுக்குப் புது ரேடியோ செட்டு வாங்கினான். அப்பாவுக்காகக் காத்திருக்காமல் தானே மாட்டினான். மரியலூர்து வந்து பார்த்தார். ஆன்டெனா வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தது. ஒட்டு விழுந்த வயரில் சத்தம் தூரம் போகாது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தை அறுத்துப்போட்டார். ஆறு தொழிலாளிகளும் வேடிக்கை பார்த்தார்கள். "இனிமே என் போட்டுல கை வெக்காத" என்றான் டேனி. மரியலூர்து படகைவிட்டு இறங்கினார். அடுத்த மாசமே டேனி பெலிசியாவைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் தனி வீடு பார்த்துப் போய்விட்டான்.

சகாயசெல்வி தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கெளம்புற?" என்றாள் அமிர்தம்.

"துறமொகத்துக்கு."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்தினார்கள்.

"அடியே, புருஷன் பொணம் வீட்ல கெடக்குது. பொண்டாட்டி படி தாண்டுவாளா? ஊரு இன்னா பேசும்?"

"நல்லா பேசட்டும். ஒரு மணி நேரம் அவர பாத்துக்க."

"அண்ணி, நான் போறேன், என்ன செய்யணும் சொல்லு" என்று ராபர்ட் குறுக்கே வந்தான்.

"ஈயம் வெக்கத் தெரியுமா ஒனக்கு?"

ராபர்ட் வழிவிட்டான். பெலிசியா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

துறைமுகத்தில் பெரிய படகு எதுவும் இல்லை. எல்லாம் கடலில். கரையில் கிடந்தவை சின்ன ஃபைபர் படகுகள்; அவற்றில் இருப்பது கையில் பிடிக்கிற செட்டு, ஐந்து மைலுக்கு மேல் பேசாது. டேவிட் ராஜின் 'செபஸ்தியார்' ஒன்றுதான் செட்டு வேலை முடியாததால் நின்றிருந்தது. டேவிட் ராஜ் படகில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் அலறியடித்து எழுந்தான்.

"அக்கா! நீங்க ஏங்கா இங்க... நான் இப்பதான் வீட்டுக்குக் கெளம்பிக்கினு..."

"கைய குடுடா, ஏறணும்."

சுக்கான் அறைக்குள் எல்லாம் அவர் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. செட்டு, பலகையில் நாலு திருகாணியில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு வயர் பேட்டரி பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, நடுவில் ஃபியூஸ். காம்பஸிலிருந்து ஒரு முழம் தள்ளி. கூரையில் துளை போட்டு, அளவு பார்க்க கம்பத்து உச்சியிலிருந்து ஆன்டெனா வயரைக் கீழே இறக்கியிருந்தார். அதன் முனை மட்டும் வெறுமனே தொங்கியது.

"நானே ஒயர சொருவி ட்ரை பண்ணலாம்னுதான் பாத்தேன்" என்றான் டேவிட் ராஜ். "பயமா இருந்துச்சு."

"நல்லவேள. ஆன்டெனா இல்லாம பட்டன அமுக்குனா செட்டு செத்துப்போயிடும். இன்வெர்டர போடு."

சால்ட்ரிங் அயன் சூடாகும்வரை வயரின் தோலைச் சீவினாள். உள்ளே இருந்த செப்புக்கம்பி வலையைப் பின்னுக்கு மடித்தாள். இருபது வருஷமாக இந்த வேலை அவளுடையது. மரியலூர்து கம்பத்தில் ஏறுவார், பலகையில் துளைபோடுவார். வயரை மட்டும் அளந்து அறுத்து, பிளக்கோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். 'ஊசியில நூல் கோக்குற கண்ணு ஒனக்குத்தான்' என்பார். மீன் குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகத்தில் பாதிப் படகுகளுக்கு அவள் ஈயம் வைத்திருக்கிறாள். ஒரு படகிலும் ஏறியதில்லை.

"பெலிசியா, டார்ச்ச இப்படி அடி. கை ஆடாம புடி."

"இப்படியா அத்தை?"

"இன்னும் கிட்ட. நடுக்கம்பி தெரியணும்."

ஈயம் உருகி நடுக்கம்பியைச் சுற்றி உட்கார்ந்தது. புகை கண்ணில் பட்டது. டேவிட் ராஜ் வாசல் பக்கம் பார்த்தபடி பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? டெய்லி சாயந்தரம் ஆறு மணிக்கு அண்ணன் எந்தப் போட்டுல வேல செஞ்சாலும் செட்ட போட்டு வெச்சிக்கினு உக்காந்துருவாரு. ஆறு மணிக்குத்தான் டேனி 'கேக்குதா, கேக்குதா'ன்னு செக் பண்ணுவான். யாராச்சும் கேக்குதுன்னு சொல்லுவாங்க. அண்ணன் மைக்க கையில எடுத்துக்குவாரு. பட்டன் மேல கட்டவெரலு இருக்கும். அமுக்க மாட்டாரு. அவன் பேசி முடிச்சதும் மாட்டிட்டு வேலைக்குப் போயிடுவாரு."

சகாயசெல்வி பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். அதன் இரண்டு முனைகளையும் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. கம்பி வலையும் நடுக்கம்பியும் ஒட்டவில்லை, நல்லது. பிளக்கைச் செட்டின் முதுகில் திருகினாள்.

"எட்டு மாசமாவா?" என்று பெலிசியா கேட்டாள்.

"எட்டு மாசமா."

"எங்க வீட்டுக்காரரும் ஆறு மணிக்கு அதுக்குத்தான் கூப்புடுவாரு" என்றாள் பெலிசியா. "மாமா முன்னல்லாம் வாயத் தொறந்து பதில் சொல்ல மாட்டாராம். ரெண்டு தடவ பட்டன அமுக்கி விடுவாராம். டக், டக்குன்னு கேக்குமாம். 'இன்னிக்கும் டக்கு வரல'ன்னு கரைக்கு வந்தா எங்கிட்ட சொல்லுவாரு."

சகாயசெல்வி செட்டைப் போட்டாள். சின்னத் திரையில் பதினாறு என்று விழுந்தது; எல்லாப் படகும் கேட்டுக்கொண்டிருக்கிற சேனல். மைக்கை எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"சலேத் மாதா, சலேத் மாதா, சலேத் மாதா. செபஸ்தியார் கூப்புடுது. ஓவர்."

விரலை எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டாள். சட்டென்று கடலில் வேறொரு படகிலிருந்து, பக்கத்தில் நின்று பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"செபஸ்தியாரா? யாரு, அக்காவா? நான் கதிர்வேலு. இன்னாக்கா, அண்ணன் வேலைய ஒங்க தலையில கட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரா? சத்தம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்லுங்க அவராண்ட. ஓவர்."

டேவிட் ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்றேன் கதிர்வேலு. டேனி எங்க இருக்கான்? ஓவர்."

"பரங்கிப்பேட்டைக்கு நேரா, பதினஞ்சு மைலு இருக்கும். காலையில கேட்டுச்சு. கூப்புட்டுக்கினே இருங்க. நான் குறுக்க பேசாம இருக்கேன். ஓவர்."

அவள் செட்டின் இரண்டாவது குமிழைத் தேடினாள். எல்லாரும் இரைச்சல் வரக்கூடாது என்று அதைத் திருப்பி அடைத்துவிடுவார்கள். 'எரச்சல அடச்சா தூரத்துல இருக்கவன் சத்தமும் அடச்சிக்கும்' என்று மரியலூர்து எல்லாப் படகிலும் சண்டை போடுவார். குமிழைப் பின்னால் திருப்பினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று அறை முழுக்க மழை பெய்வதுபோல் இரைந்தது.

"சலேத் மாதா, சலேத் மாதா. டேனி. அம்மா பேசுறேன். ஓவர்."

இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, நூல்போல.

"...அம்மா? எட்டுக்கு வா."

சேனலை எட்டுக்கு மாற்றினாள்.

"போனவொடனே எல்லாப் பசங்களும் பின்னாலயே வந்து கேப்பானுங்க" என்று டேவிட் ராஜ் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, நீ எப்படிம்மா செட்டுல? ஓவர்."

"டேனி, கரைக்கு வந்துரு. நாலு மணிக்குள்ள வீட்டுக்கு வரணும். ஓவர்."

"வலை தண்ணியில கெடக்கும்மா. திங்கக்கெழம வரேன். இன்னா விசியம்? ஓவர்."

பெலிசியாவின் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டேவிட் ராஜ் 'சொல்லிடுங்க' என்று உதட்டை அசைத்தான். சகாயசெல்வி பட்டனை அமுக்கினாள். வாய் திறந்தது. பதினைந்து மைல் தண்ணீர். சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். அவன் கையை நம்பிப் பின்னால் ஆறு பேர்.

"நீ வா. அவ்ளோதான். ஓவர்."

இரைச்சலுக்குள்ளிருந்து டேனியின் குரல் வந்தது.

"செபஸ்தியார்லதான அப்பாவுக்கு வேல. அவரு பக்கத்துல இருக்காரா? அவருதான் கூப்புடச் சொன்னாரா? ஓவர்."

அவள் அமுக்கவில்லை. அவனே மறுபடி வந்தான். குரல் இப்போது கொஞ்சம் உடைந்திருந்தது. தூரமா வேறெதுவா தெரியவில்லை.

"அப்பா, கேக்குதா? ஆன்டெனாவ உச்சியில தூக்கிக் கட்டிட்டேன். ஒட்டு இல்லாம ஒரே ஒயரா இழுத்தேன். அதான் இவ்ளோ தூரம் கேக்குது. நீ... பேச வாணாம்பா. வரச் சொல்றன்னா வரேன். பழையபடி ரெண்டு தடவ அமுக்கு, போதும். ஓவர்."

"அக்கா, குடுங்க, நான் சொல்றேன்" என்று டேவிட் ராஜ் கையை நீட்டினான்.

சகாயசெல்வி மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டைவிரலை வைத்தாள். அமுக்கினாள், விட்டாள். அமுக்கினாள், விட்டாள்.

இரைச்சல். ஐஸ் லாரி ஒன்று வெளியே பின்பக்கமாக வந்து நின்றது.

"வலைய தூக்குங்கடா" என்று டேனி யாரிடமோ கத்துவது கேட்டது. அவன் பட்டனிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தான். "தூக்குங்கடா, கரைக்குப் போறோம். எங்கப்பா வரச் சொல்லிட்டாரு." யாரோ ஏதோ கேட்டார்கள். அவன் சிரித்தான். அதோடு நின்றுபோனது.

பெலிசியா டார்ச்சை அணைத்தாள்.

"அத்தை, வாங்க. அங்க ஆளுங்க வந்துருப்பாங்க."

"நீ போ. வரேன்."

செட்டு இரைந்துகொண்டே இருந்தது. சகாயசெல்வி குமிழைத் தொடவில்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டவும் இல்லை. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அமுக்கவில்லை.