மேற்கே நகர்ந்த முப்பத்தாறு வீடுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆரின் டட்டில் கட்டிய மண் வீடு நாளொன்றுக்கு அறுபத்தாறு அடி மேற்கே நகர்ந்தது. நில அளவைக்காரர்களின் சங்கிலி சரியாக அவ்வளவு நீளம். அரசு இலவசமாகக் கொடுத்த நூற்றறுபது ஏக்கரின் அகலம் நாற்பது சங்கிலி. ஆகவே கீழ்க்கோடியில் கட்டிய வீடு நாற்பதே நாளில் மேற்கு எல்லையைத் தாண்டிவிடும். ஐந்து ஆண்டுகள் அந்த நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தால்தான் பட்டா. அதனால் நாற்பது நாளுக்கு ஒருமுறை ஆரினும் மனைவி லவினாவும் புல்தரையைக் கலப்பையால் செங்கல் செங்கலாக வெட்டி, புல் கீழே இருக்கும்படி அடுக்கிப் புதுவீடு கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு அரை ஏக்கர் மேல்மண் போயிற்று.

விட்டுவந்த வீடுகள் நிற்காமல் போய், ஆற்றோரம் வாழ்ந்த பாவ்னி பழங்குடி மக்களின் சோளக்கொல்லைகள் மேல் ஏறின. மூன்றாம் ஆண்டு அங்கிருந்து ஒரு பெண் வந்தாள்.

“மாடு மேஞ்சா பட்டியில அடைக்கலாம். வீடு மேஞ்சா என்னய்யா பண்றது?”

“சங்கிலி போட்டுப் பாத்தேன். அறுத்துக்கிட்டுப் போவுது,” என்றான் ஆரின்.

“வீடே கட்டாம இருந்து பாரேன்.”

லவினா மட்டும் சிரித்தாள். அடுத்த ஆண்டு அதிகாரிகள் அந்தக் காலி வீடுகளைப் பார்த்து, அங்கே ஊர் உருவாகிவிட்டது என்று எழுதி, பாவ்னி மக்களைத் தெற்கே அனுப்பினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் லவினாதான். மண் உதிராமலிருக்க ஆரின் சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டுவான். மேற்குக் கடல்வரை எல்லாம் நமக்கே, இது கடவுள் விதித்தது என்ற தலையங்கம் அதில் தவறாமல் இருக்கும். வீடு அதை நம்பிவிட்டது. முப்பத்தாறாவது வீட்டில் அவள் வெந்நீர் தெளித்து எல்லாத் தாளையும் உரித்தாள். வீடு நின்றது.

மறுநாள் காலை ஆரின் கட்டிலோடு அறுபத்தாறு அடி மேற்கே கிடந்தான். அந்தத் தலையங்கங்களை வீட்டைவிட அதிகமாகப் படித்தவன் அவன். பதினோரு நாள் லவினா அவனைக் கட்டிலோடு இழுத்துவந்தாள்.

“இன்னும் எத்தன நாளைக்குய்யா இழுப்பேன்?”

“நான் என்னடி பண்ண? தன்னால போவுது.”

“சரி, போ. கட்டிலயாவது விட்டுட்டுப் போ. நமக்கு அது ஒண்ணுதான்.”

ஐந்தாம் ஆண்டு முடிவில் லவினா நில அலுவலகத்துக்குப் போனாள். மேல்மண் இல்லாத பதினெட்டு ஏக்கரை எங்கே எழுதுவது என்று கேட்டாள்.

“அதுக்குப் படிவத்துல இடமில்லம்மா. புருஷன் எங்க?”

“போய்க்கிட்டிருக்காரு.”

அந்த வாரத்தில் அப்படிச் சொன்ன நான்காவது பெண் அவள். குமாஸ்தா பட்டாவில் முத்திரை குத்திவிட்டு, தலை நிமிராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.