நாற்பது ரொட்டியும் நாற்பத்து மூன்று கையெழுத்தும்

1

எங்கள் ஊர்க் கடைகளின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் எழுதினேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. புத்தகம் அச்சாகிவிட்டதால் அங்கே திருத்த வழியில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

தொடக்கம்: "சிற்றாறு சலசலக்கும் நெதர் ஸ்னெட்லி என்னும் அழகிய கிராமத்தில்..."

(வேண்டாம். எங்கள் ஊரில் சலசலப்பவை வாய்கள் மட்டுமே.)

2

ஒரு காலத்தில் இங்கே ஆறு கடைகள். அதில் மளிகைக் கடை மட்டும் இரண்டு. இங்கிலாந்துத் திருச்சபைத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒன்றில் வாங்குவார்கள், மெதடிஸ்ட் சபைக்காரர்கள் எதிர்க்கடையில். இரண்டு கடைக்கும் வெண்ணெய் வந்தது ஒரே பண்ணையிலிருந்து. மோட்சம் போகும் வழி மட்டும் வேறு.

ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1997இல் மிஞ்சியது ஏவிஸ் பம்மரியின் கடை. தபால்தலை, ரொட்டி, பன்றி இறைச்சி, ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். பிறகு நகரத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய அங்காடி வந்தது. ஏவிஸ் கடையை மூடப்போகிறார் என்று தெரிந்ததும் ஊர் கொதித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காட்ஃப்ரி டிஸ்டல், 'கடையைக் காப்போம்' கூட்டத்தை அந்தக் கடைக்குள்ளேயே கூட்டினார்.

3

புத்தகத்தில் நான் எழுதிய வாக்கியம்: "அன்று ஊரே திரண்டது, கடையில் ரொட்டி குவிந்திருந்தது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் இப்படித்தான் நன்றாக எழுதப்படும்.

புத்தகத்துக்காகக் கேட்கப் போனபோது, நடந்ததை ஏவிஸ் தன் சமையலறையில் வைத்துச் சொன்னார்.

"இத்தனை பேர் வராங்களேன்னு நாப்பது ரொட்டி கூடுதலா வரவழைச்சேன், கண்ணு. நாப்பத்து மூணு பேர் வந்தாங்க. மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. என் டீயக் குடிச்சாங்க. ஒருத்தராவது ஒரு ரொட்டி வாங்கணுமே!"

"அப்புறம்?"

"பக்கத்துப் பண்ணைப் பன்னிங்களுக்குப் போட்டேன். ரசிச்சுத் தின்னுச்சுங்க. அதுங்க மனு ஒண்ணும் எழுதல."

சிரித்துக்கொண்டே சொன்னவர், மேசைத் துணியின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவினார். அடுத்த சனிக்கிழமை கடையை மூடியபோது வாசலில் யாரும் இல்லையாம். திங்கட்கிழமை காலை மட்டும் மூன்று பேர் கதவைத் தட்டினார்களாம், தபால்தலை கேட்டு.

"நீயும் வந்திருந்தியே அந்தக் கூட்டத்துக்கு," என்றார் கடைசியில். "அவசரமாப் போன. கார்ல ஐஸ் பட்டாணி உருகிட்டு இருந்துச்சு. அந்தப் பெரிய கடைப் பை."

(இங்கே என்னைக் காப்பாற்றும்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

4

பன்றிகளையும் சேர்த்து எழுதித்தான், புத்தகத்தை அச்சிடப் பொறுப்பேற்றிருந்த காட்ஃப்ரியிடம் கொடுத்தேன்.

"பன்னிய எடுத்துடுங்களேன்," என்றார்.

"நடந்தது அதுதானே, மிஸ்டர் டிஸ்டல்?"

"நடந்ததெல்லாம் வரலாறா? கையெழுத்துப் போட்டவங்க பாதிப் பேர் இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்கதானே புத்தகத்த வாங்கணும்!"

எடுத்துவிட்டேன். அவருக்காக என்று சொன்னால் நம்புவீர்களா? பட்டாணியும் கூடவே போயிற்று.

5

புத்தகம் வந்து இறங்கிய பிறகுதான் காட்ஃப்ரிக்கு உறைத்தது: கடைகளின் வரலாற்றை வைத்து விற்க ஊரில் ஒரு கடை இல்லை. நேற்றுக் காலை இருவரும் ஆளுக்கொரு பெட்டியோடு ஏவிஸின் வாசலில் போய் நின்றோம்.

"உங்க முன்னறை ஜன்னல்ல அடுக்கி வெச்சா போதும், ஏவிஸ். உங்க கதைதானே!"

முடிவு அ: அவர் கதவைச் சாத்துகிறார். (எழுதும்போது இனித்தது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு ஆ: கண் கலங்கி வாங்கிக்கொள்கிறார். (காட்ஃப்ரிக்குப் பிடிக்கும்.)

உண்மையில் அவர் மேலிருந்த புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார். காட்ஃப்ரியைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்டார்: "உள்ள வைக்கலாமா, கண்ணு? நீயே சொல்லு."

நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது; கனக்கிறது.