யமுனாவின் கையில் பதினோரு நொடி

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் யமுனா கார்டு ரீடரை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டால், பாட்டும் படமும் ஏற்றக் கொடுத்த அறுபத்துநாலு ஜிபி மெமரி கார்டு பதினோரு நொடியில் நிறைந்துவிடும். மற்ற கடைகளில் அதற்கு அரை மணி நேரம். கொரோனா முடிந்த வருஷம் இது தொடங்கியது. எடமலைப்பட்டி புதூரிலிருந்துகூட இரண்டு பஸ் மாறி வந்தார்கள். கார்டு செய்யும் கம்பெனி ஒன்று இரண்டு இன்ஜினியர்களைக் கருவிகளோடு அனுப்பியது. மூன்று நாள் அளந்து பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது இதுதான்: பழையதன் மேல் புதியதை எழுத முடியாது, முதலில் இடத்தைத் துடைக்க வேண்டும், அந்தத் துடைப்புதான் நேரத்தைத் தின்கிறது, இந்த அம்மா கையில் மட்டும் கார்டு முன்கூட்டியே தன்னைத் துடைத்துக்கொண்டு தயாராக இருக்கிறது.

"நீங்க என்ன பண்றீங்க மேடம்?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க. பழசை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காத, விட்டுடுன்னு மனசுக்குள்ள சொல்லுவேன்."

அதையும் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பெனியின் அடுத்த கார்டு, சும்மா இருக்கும் நேரத்தில் தன்னைத் துடைத்துக்கொள்ளப் பழகி, இரண்டு மடங்கு வேகமாக எழுதியது. யமுனாவுக்கு இந்த வித்தை இருபத்தாறு வயதிலேயே வந்துவிட்டது. எட்டு மாதம் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு திரும்பிய அன்று, ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் மறந்தாள். புருஷனின் குரல் போயிற்று, அந்த வீட்டு வாசற்கதவின் நிறம் போயிற்று. என்னம்மா நடந்தது என்று அம்மா கேட்டபோது, சொல்வதற்கு நிஜமாகவே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அவள் மனது கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

லால்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் கலையரசன் எடுத்த வீடியோவைக் கார்டில் ஏற்றிக்கொள்ள ஒரு தை மாதம் கடைக்கு வந்தார். வயது நாற்பத்துநாலு. எல்லா முகூர்த்தத்திலும் அடுத்தவர் கல்யாணத்திலேயே நின்றதில் தன் கல்யாணத்துக்கு நாள் கிடைக்காமல் போனவர். முதல் தடவை பதினோரு நொடிதான் ஆயிற்று. அதே கார்டோடு வந்த அடுத்த தடவை நாலு நிமிஷம். பங்குனியில் நாற்பது நிமிஷம். யமுனா கையைக் கழுவிவிட்டு வந்து பிடித்தாள், கேபிளை மாற்றினாள். அதற்குள் அவர் லால்குடியில் மழை பெய்ததைச் சொன்னார். அவள் அம்மாவின் முழங்கால் வலியைச் சொன்னாள். அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்களின் கார்டுகள் எப்போதும்போல நொடியில் நிறைந்தன. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனாலும் கலையரசன் நாற்றங்காலைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். அதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில்தான் வினை வந்தது. வெளிநாட்டுக்குக் கிளம்பும் கல்யாணப் பெண் ஒருத்தி, விமானம் ஏறுமுன் வீடியோ வேண்டும் என்று கலையரசனிடம் கேட்டிருந்தாள். காலையில் போட்ட கார்டு சாயங்காலம் வரை பாதிகூட நிறையவில்லை. பெண் வெறுங்கையோடு போனாள். அவள் அம்மா போனில் அழுதது கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னாலதான் உங்க பேரு கெட்டுச்சு. இனிமே வேற கடையில குடுத்துக்கங்க" என்றாள் யமுனா, முகத்தைப் பார்க்காமல்.

அவர் எழுந்து போனார். கார்டை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வேலையைக் கொடுத்தார். யமுனாவின் கையில் மறுபடி எல்லாம் பதினோரு நொடியில் முடிந்தது. மிச்ச நாளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், பக்கத்து ஜெராக்ஸ் கடை சம்ரீன், கலையரசன் விட்டுப்போன கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"யமுனாக்கா, இங்க வாங்க. இதுல கல்யாணம் கொஞ்சம்தான் இருக்கு. மீதி எல்லாம் நீங்க பேசுறது."

யாரும் பதிவு செய்யவில்லை. கேமரா பைக்குள்தான் இருந்தது. இருந்தும் தை முதல் ஆவணி வரை இருவரும் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது: மழை, முழங்கால், புளி போட்ட குழம்பு, அவர் ஒருமுறை தும்மியதுகூட. அந்தப் பேச்சை எழுதிக்கொண்டே கல்யாணங்களையும் எழுத வேண்டியிருந்ததால்தான் கார்டு திணறியிருக்கிறது. யமுனா அதைக் கைக்குள் பொத்தி, விட்டுடு என்றாள். கல்யாணங்கள் போயின. பேச்சு போகவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. பதினைந்து வருஷத்தில் அவள் வைத்துக்கொள்ள விரும்பிய முதல் பொருள் அது.

லால்குடிக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்த கலையரசன், அந்தப் பேச்சை நின்றபடியே அரை மணி நேரம் கேட்டார்.

"எனக்கு இதை அழிக்கத் தெரியலைங்க" என்றாள்.

"அழிக்கணுமாங்க?"

"வேணாம்."

"அப்ப நான் உக்காந்துக்கவா?"

சம்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டாள்.

அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. வெளிநாடு போன பெண்ணுக்கு, சத்திரம் கடையில் எழுதிய வீடியோ முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வாழ்த்து அனுப்பினாள். இன்றும் அந்தக் கடையில் கார்டு பதினோரு நொடியில் நிறைகிறது, கலையரசன் வெளியே போயிருந்தால். அதனால் வருகிறவர்கள் முதலில் வாசலில் அவர் வண்டி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். நின்றால், கார்டைக் கொடுத்துவிட்டு, காவிரியில் குளித்து, துணி காயும் மட்டும் படித்துறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்கள்.