சத்தம் வருகிற கை

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியதால் அவருக்குக் ‘கட்டர்’ என்று பெயர். அந்த இயந்திரமே அவருடைய இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்ட பிறகு, அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அவருக்கு அது பெரிய குறையில்லை. மகள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மகள் பள்ளி அணியில் மேசைப்பந்து ஆடுகிறவள். முன்பெல்லாம் அவள் ஒரு பாயிண்ட் எடுத்தால் கூட்டத்துக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு கைதட்டல் கேட்கும். சற்று விட்டு ‘டப் டப்’. எத்தனை பேர் தட்டினாலும் அப்பாவின் கையை அவள் காது தனியாகப் பிரித்தெடுத்துவிடும். சட்டென்று திரும்பிச் சிரிப்பாள். இப்போது அவர் தொடையில் தட்டிப் பார்க்கிறார், நாற்காலியில் தட்டிப் பார்க்கிறார். அவள் திரும்புவதில்லை.

செயற்கைக் கை செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண் அன்று இரண்டாம் முறையாக வந்தாள். எளியவர்கள் வாங்கக்கூடிய விலையில், அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு கையைச் சந்தைக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். யாருக்கு எது வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு வருகிறாள். போன முறை அவள் கேட்டபோது, “வேலை செய்யணும், வேறென்ன” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“எல்லாரும் இதைத்தாண்ணே கேக்கறாங்க” என்று ரப்பர் கை ஒன்றை எடுத்து, பட்டையை இழுத்து மாட்டிவிட்டாள். நகமும் ரேகையும் அசலாக இருந்தன. “பாக்க நிஜக் கை மாதிரி இருக்கணுமாம். இதுதான் நல்லா விக்கும்போல.”

“அடேயப்பா, மாப்பிள்ளைக் கை!” என்றாள் மனைவி.

பின்னறையில் மகள் பந்தைச் சுவரில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ‘டொக் டொக்’ என்று ஓயாத சத்தம். அதைக் கேட்டபடியே அவர் வலது கையை ஓங்கி ரப்பர் கையின்மேல் தட்டினார். தலையணையை அடித்த மாதிரி ‘பொத்’ என்றது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“என்னண்ணே பண்றீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லையாம்!” என்றாள் மனைவி. “பொண்ணு ஆடறப்போ கைதட்டணும் இவருக்கு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வேலை வேலைன்னு சொல்லியிருக்காரு. முன்னெல்லாம் இவரு தட்டினா வாசல்ல படுத்திருக்கிற நாய் எழுந்து ஓடும்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தூக்க வேண்டுமா, எழுத வேண்டுமா, வண்டி ஓட்ட வேண்டுமா என்று எல்லாரையும் கேட்டிருக்கிறாள். இதை ஒருவரிடமும் கேட்டதில்லை. பையின் அடியில் கைவிட்டு, சாம்பல் நிறத்தில் கரடுமுரடான ஒரு பிளாஸ்டிக் கையை எடுத்தாள்.

“அசிங்கமா இருக்குன்னு இதை யாருமே தொடலைண்ணே. ஆனா உள்ளங்கை கெட்டி.”

மாட்டிக்கொண்டு தட்டினார். ‘டப்.’ அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தட்டினார். ‘டப் டப்.’

பின்னறையில் பந்துச் சத்தம் நின்றது. பந்து மட்டும் துள்ளித் துள்ளி இந்த அறைக்கு உருண்டு வந்தது. பின்னாலேயே மட்டையோடு மகள் வந்து நின்றாள். கையை அவள் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

“இன்னொரு தடவை தட்டுப்பா.”

தட்டினார். பிறகு மாதிரிக் கையாயிற்றே என்று மெல்லப் பட்டையை அவிழ்க்கப் போனார்.

“கழட்டாதீங்கண்ணே. அடுத்த மேட்ச் என்னைக்கு?”

“ஞாயித்துக்கெழம.”

“முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன். வீட்டுல வச்சுப் பாத்துச் சொல்றதும் எங்க ஆய்வுல ஒரு பகுதிதான்.”

“அப்புறம் இதை விப்பீங்களா?” என்று கேட்டார்.

“ஒருத்தர் கேட்டாருன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்க. அதனால இனிமே போற வீட்டுல எல்லாம் கேக்கப்போறேன், கைதட்டணுமான்னு.”

அந்தப் பெண் படியிறங்கிப் போனாள். பின்னறையில் மறுபடி ‘டொக் டொக்’ கேட்டது. அவர் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு கண்களை மூடினார். அந்தக் கை தனக்கே வேண்டும் என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு பாயிண்டாவது எடுக்க வேண்டும் என்று மட்டும் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டார்.